பீடத்துக்கும் வாசலுக்கும் நடுவில்

பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். அதனால்தான் இதைச் சொல்லவே தயக்கம். போன ஆகஸ்டில், பட்டப்பகலில், எனக்கே நடந்தது.

ஈப்போவில் பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது என் தொழில். தாப்பா பக்கம் நூறு வருடம் தாண்டிய மாதா கோயில் ஒன்றுக்குக் கூரை மாற்றப் போகிறார்கள் என்று கூப்பிட்டார்கள். மூன்று வருடமாக நான் எந்தக் கோயில் வாசலையும் மிதித்ததில்லை. என் இரட்டைப் பெண்களில் ஒருத்தி, கார்மென், நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிழைப்புக்காகத்தான் போனேன்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சவரிநாதன் அண்ணே கதவைத் திறந்துவிட்டார்.

“சாப்பிட்டு வாரேன் தம்பி. உள்ள யாரும் இல்லலா.”

மணி 2.10. முழங்கை நீளத் தடிமனில் சுண்ணாம்புச் சுவர். இரண்டு வரிசை மரத்தூண்கள். பீடத்தடியில் முக்காலி போட்டு, அதன் மேல் தூரம் அளக்கும் லேசர் கருவியைச் சாத்தியிருந்த வாசல் கதவுக்கு நேராக வைத்து அழுத்தினேன். 18.42 மீட்டர். சரிபார்க்கக் கருவியை ஒரு மீட்டர் உயரத்துக்கு இறக்கினேன்.

14.06.

நடுவில் ஒன்றுமே இல்லை. மறுபடி அழுத்தினேன். 9.30. தரையில் வெறுங்கால் சத்தம்... டப்... டப்...

0.60.

சிவப்புப் புள்ளி காற்றில் நின்றது. வீட்டில் என் பிள்ளைகள் அந்தப் புள்ளியைத்தான் ஓடி ஓடிக் கையால் பிடிப்பார்கள்.

‘கார்மென்’ என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அளக்கிறவன் புத்தி... அது எவ்வளவு உயரம் என்று பார்க்கக் கருவியை மெல்ல உயர்த்தினேன்.

1.10. மறைத்தது.

1.19. மறைத்தது.

1.20. எதிரே வாசல்.

எங்கள் வீட்டுக் கதவு நிலையில் இரண்டு பேருக்கும் ஒரே பென்சில் கோடு. 1.04. அவள் போனபிறகு யாரையும் நாங்கள் அளக்கவில்லை.

இது என் பிள்ளை இல்லை.

ஓடினேன். வாசல் வரை காலடி கூடவே வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

மணி 2.31.

வீட்டில் மனைவி எல்ஸியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. இரட்டையரில் மற்றவள் ஷெரினைக் கூப்பிட்டுக் கதவு நிலையில் நிறுத்தினாள்.

“அளந்து பாருங்க.”

1.19.

“மூணு வருசம் ஆச்சுலா. அவ மட்டும் வளராம இருப்பாளா?”

மறுநாள் காலை ஏழு மணிக்கே கோயிலுக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு உயரமாக வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுத்தினேன்.

18.42.

18.42.

18.42.