போர்டைத் தூக்குங்க டீச்சர்!

போன ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. கார் ரேஸுக்குப் போனேன்.

எங்கள் பங்குச் சாமியார் இந்தப் பத்தியைப் படிப்பவர். திட்டுவதற்கு முன்னால் மீதியையும் படித்துவிடுங்கள் ஃபாதர். அன்றைக்கு நான் செய்த ஜெபம் பத்துப் பூசைக்குச் சமம்.

வேடிக்கை பார்க்கப் போகவில்லை... வேலை செய்யப் போனேன். ரேஸ் கார் நடுவில் வந்து நிற்கும்போது டயர் மாற்றி, பெட்ரோல் ஊற்றி, கண்ணாடி துடைத்துத் திருப்பி அனுப்புகிற ஒரு கும்பல் உண்டு. பிட் க்ரூ என்பார்கள். அதில் நானும் ஒருத்தி. வயது ஐம்பத்தாறு. முட்டி வலி. ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடைக்கு நடந்தாலே மூச்சு வாங்கும். என்னை யார் கூப்பிட்டது?

கௌரி. பத்தாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவள். இப்போது நாமக்கல்லில் அப்பாவின் லாரி டயர் கடையை அவள்தான் நடத்துகிறாள்.

"ஆறு மணி நேர ரேஸுங்க மிஸ். பழைய சின்னக் கார் மட்டும்தான். நானும் என் ஃப்ரெண்ட் பிரபுவும் மாத்தி மாத்தி ஓட்டறோம். ஒரு ஆள் கொறையுது. நீங்க சும்மா நின்னாப் போதும்."

சும்மா நின்றால் போதும்! இந்த ஒரு வாக்கியத்தை நம்பி நான் எத்தனை கல்யாணங்களில் இடுப்பொடிய வேலை பார்த்திருக்கிறேன்? புத்தி வந்ததா? இல்லை.

ராசிபுரம் தாண்டி நாமகிரிப்பேட்டை போகும் வழியில், தனியார் நிலத்தில் தார் போட்டு வளைத்து வளைத்து ஒரு டிராக். காலை ஒன்பது மணிக்கே தார் கொதித்தது. நிழல் என்று பார்த்தால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் எங்கள் டீம்... கௌரி, பிரபு, டயர் மாற்ற கௌரியின் அப்பா பழனியப்பன், அப்புறம் நான்.

என் கையில் ஒரு நீளக் கம்பைக் கொடுத்தார்கள். நுனியில் வட்டமாக ஒரு போர்டு. சிவப்பில் 'ஸ்டாப்'. கார் வந்து நின்றதும் அதை டிரைவரின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். டயர் மாற்றி முடித்த பிறகு, போர்டு பிடிப்பவரே ஸ்பேனரை வைத்து அந்தச் சக்கரத்தின் நாலு நட்டையும் அசைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் போர்டைத் தூக்கலாம். தூக்கினால்தான் கார் கிளம்பும். விதிமுறைத் தாளில் இதைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

பழனியப்பன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "முப்பது வருஷமா லாரிக்கு டயர் மாட்டறனுங்க. நான் முறுக்குன நட்டை டீச்சர் செக் பண்றதாக்கும்?"

நான் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முதல் தடவை பிரபு காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். வலது முன் டயர் மாற்றினார்கள். டிராக் இடப்பக்கமாகவே வளைந்து சுற்றுவதால் வலது டயர்தான் முதலில் தேயுமாம். நான் குனிந்து, முட்டி கிரீச்சிட, நாலு நட்டையும் அசைத்துப் பார்த்தேன். மலை மாதிரி அசையாமல் இருந்தன. நிமிர்ந்து போர்டைத் தூக்குவதற்குள் ஆளாளுக்குக் கத்தல். இரண்டாவது தடவையும் வலது டயர். அதே குனிதல். அதே கத்தல். பத்து விநாடி போச்சாம்!

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் "கொஞ்சம் இருங்க" என்று சொல்பவரை யாருக்காவது பிடிக்குமா? ரயில்வே கேட்டை மூடுகிறவரை முறைக்கிறோம். செவ்வாய்ப்பேட்டை சந்துக்குள் ஓர் ஆட்டோக்காரர் மூட்டை இறக்க ஒரு நிமிடம் நின்றால், பின்னால் இருக்கும் பத்து வண்டியும் ஹாரனிலேயே அவருடைய பரம்பரையை விசாரிக்கின்றன. போகச் சொல்கிறவர் நல்லவர். நிற்கச் சொல்கிறவர் எமன்.

மூன்றாவது தடவை கார் வந்தபோது மணி ஒன்று. நாங்கள் மூன்றாம் இடத்தில் இருந்தோம். முன்னால் இருக்கும் கார் அரைச் சுற்று தூரம்தான். பிரபு இறங்கினான், கௌரி ஏறினாள். இந்த முறை இடது முன் டயர். பழனியப்பன் மின்னலாக மாட்டினார். நான் ஸ்பேனருக்குக் கை நீட்டினேன்.

"போட்டாச்சுங்க டீச்சர்! போர்டைத் தூக்குங்க!"

"நாலு நட்டு..."

"அட, நாந்தான் முறுக்கியாச்சுங்கறனே! தூக்குங்க!"

பிரபு கத்தினான். பக்கத்து டீம்காரன்கூடக் கத்தினான், அவனுக்கு என்ன வந்தது? உள்ளிருந்து கௌரி ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவைத்தாள்.

'உட்கார்' என்ற ஒரே வார்த்தையில் அறுபது பிள்ளைகளை உட்கார வைத்தவள் நான். இருபத்தேழு வருடம். அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா?

தூக்கிவிட்டேன்.

கார் பறந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பழனியப்பன் தட்டவில்லை. ஸ்பேனரைப் பிடித்தபடி நின்று, காற்றில் எதையோ முறுக்கிப் பார்த்தார். மறுபடியும் முறுக்கினார். முகம் வெளுத்தது.

"டீச்சர்... நான் கடைசியா எந்தப் பக்கம் முறுக்குனேன்?"

"என்னைக் கேட்டால்? பார்க்க விட்டீர்களா?"

விஷயம் இதுதான். அவர் கடைக்கு வருகிற பழைய லாரிகளில் இடது பக்கச் சக்கரத்து நட்டுக்கு மரை தலைகீழ். காரில் இறுகுகிற திசையில் திருப்பினால் அங்கே கழலும். முப்பது வருடப் பழக்கம். நட்டைச் சரியான பக்கம்தான் ஏற்றியிருக்கிறார். கடைசியாக உடம்பு பலத்தையெல்லாம் வைத்துப் போடுகிற அந்த முறுக்கு இருக்கிறதே, அதைக் கை தானாக லாரி பழக்கத்தில் போட்டுவிட்டது. இறுக்கிய நாலு நட்டையும் அவரே லூஸாக்கிவிட்டார்.

உள்ளே இருப்பது அவருடைய ஒரே மகள்.

நான் போர்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். முட்டி வலித்ததா என்று நினைவில்லை. ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம். தடுப்புச் சுவருக்கு மேல் சிவப்பைக் காட்டி ஆட்டினேன். கார் வந்தது. என்னைத் தாண்டிப் போயே போய்விட்டது. 'மிஸ் வழக்கம்போலப் பதறறாங்கன்னு நெனச்சேன்' என்று பிறகு சொன்னாள் கௌரி. காலையிலிருந்து எல்லோருமாகச் சேர்ந்து அந்தப் போர்டுக்கு வாங்கிக் கொடுத்த மரியாதை அது.

பழனியப்பன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாமி, நிறுத்து சாமி... நிறுத்து சாமி..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாமி என்றது மகளைத்தான். அவளுக்கு எங்கே கேட்கும்? நான் அருள் நிறைந்த மரியே சொன்னேன். பாதியில் வார்த்தை மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அப்படி என் பிரசவத்தில்கூட நான் பயந்ததில்லை.

ஒன்றரை நிமிடம் ஆனது. கார் வரவில்லை. இரண்டு நிமிடம். வரவில்லை.

அப்புறம் தூரத்து வளைவில், டிராக்கின் ஓரமாக, நடந்து வருகிற வேகத்தில் வந்தது. ஸ்டீயரிங் உதறியதுமே வேகத்தைக் குறைத்திருக்கிறாள். இடது சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. நாலு நட்டில் மிச்சம் இருந்தவை இரண்டு. அந்த இரண்டையும் நான் விரலாலேயே கழற்றினேன்.

பழனியப்பன் ஓடி வந்து காரின் கூரையைப் பிடித்துக்கொண்டார்.

நடுவர் வந்து, சக்கரத்தைக் கழற்றச் சொல்லிப் பார்த்து, வேறு நட்டுகள் போட்டால் ஓடலாம் என்றார். பழனியப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "பிரபு போடட்டும். நான் தொட மாட்டேன்."

கௌரி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "நீயே போடுப்பா. மிஸ் பாத்துட்டுச் சொல்லட்டும், போறேன்."

போட்டார். நான் குனிந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. பிறகு வேண்டுமென்றே முதலிலிருந்து இன்னொரு முறை. ஒரு ஆள்கூடக் கத்தவில்லை. நிதானமாக நிமிர்ந்து போர்டைத் தூக்கினேன்.

மூன்றாம் இடம் போய், கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்தோம். சாயங்காலம் சாமான்களை ஏற்றும்போது பழனியப்பன் என் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்து, பெரிய மனதோடு முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"ஏனுங்க டீச்சர், நீங்க அந்தப் போர்டைத் தூக்காம இருந்திருக்கோணுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "நீங்கள்தானே தூக்கு தூக்கு என்று உயிரை வாங்கினீர்கள்?"

"நான் ஆயிரம் கத்துவனுங்க," என்றார், கண் கலங்க. "நீங்க எதுக்குங்க கேட்டீங்க?"

ஒரு வாரம் ஆகிறது. இன்னும் பதில் கிடைக்கவில்லை.