சொல்தா சைக்கிளைத் தணிகைவேல் கழற்றிய கதை

பாகூரிலிருந்து குருவிநத்தம் போகும் சாலையில், கரும்பு வண்டிகள் திரும்புகிற முனையில் தணிகைவேலின் சைக்கிள் கடை இருந்தது. நாலு சவுக்குக் கழி, மேலே கீற்று, ஒரு பம்பு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. யாராவது இதைக் கொட்டகை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்கள் சைக்கிளுக்குக் காற்று ஏறாது. இடம் தெய்வநாயகத்தினுடையது. குருவிநத்தத்தில் ஆற்றோரம் கரும்பும் நெல்லும் வைத்திருந்த பெரிய குடித்தனக்காரர் அவர். வாடகை கேட்டதில்லை. அவர் வீட்டுச் சைக்கிள்களைத் தணிகைவேல் பார்த்துக்கொள்வான். அவரைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள் என்பதையும் அவ்வப்போது சொல்வான். இரண்டாவதைத்தான் அவர் அதிகம் எதிர்பார்த்தார்.

அது 1972. தணிகைவேலுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தொழில் கற்றது கடலூரில். பஞ்சர் ஒட்டச் சேர்ந்த கடையில் மற்ற வேலைகளைப் பாதி பார்த்தும் பாதி கெடுத்தும் கற்றுக்கொண்டான். கற்றதில் குறை சொல்ல முடியாது. அவன் கோட்டம் எடுத்த ரிம்மில் நூலைப் பிடித்தாலும் நூல் ஆடாது. அவசரம் என்பதே கிடையாது. அவன் ஒரு நட்டைத் துடைத்து முடிப்பதற்குள் வேறு ஆளாக இருந்தால் வண்டியையே பூட்டிக் கொடுத்துவிடுவான். ஆனால் தனக்கு ஒன்று தெரியாது என்று மட்டும் அவன் சொல்ல மாட்டான். கடிகாரத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும் வாங்கி வைத்துக்கொள்வான். மாட்டுக்குச் செரிக்கவில்லை என்றாலும் ஒரு வைத்தியம் சொல்வான். கடிகாரங்கள் ஓடியதில்லை. மாடுகள் அவன் வைத்தியத்தையும் மீறிப் பிழைத்துக்கொண்டன.

அந்த இடத்தின் மேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது. தெய்வநாயகத்தின் அக்காள் மகன் உலகநாதன், கரிக்கலாம்பாக்கத்துக்காரன். புது நெல் வந்து ஊரெல்லாம் யூரியா யூரியா என்று அலைந்த காலம் அது. அந்த முனையில் ஓர் உரக்கடை வைத்தால் எழுந்து போய் வாடிக்கையாளரைக் கூப்பிட வேண்டிய வேலைகூட இல்லை என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். கணக்குக்குக் குறுக்கே நாலு சவுக்குக் கழி நின்றது.

மார்கழியில் ஒருநாள் தெய்வநாயகம் தம் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவருடைய சிற்றப்பா ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை அந்தப் பக்கத்தில் சொல்தா என்பார்கள். சொல்தா ஊருக்குத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தவை மூன்று: பென்ஷன், முன்கோபம், இந்தச் சைக்கிள். முதல் இரண்டும் அவரோடு போய்விட்டன. சைக்கிள் மட்டும் பரணில் தொங்கிக்கொண்டு, கோழிகளுக்கு முட்டையிட இடம் கொடுத்து வந்தது.

தெய்வநாயகத்துக்கு அதில் திடீரென்று பாசம் வந்ததற்குக் காரணம், சோரியாங்குப்பத்துச் சம்பந்தி ஸ்கூட்டர் வாங்கியதுதான். ஸ்கூட்டருக்குப் பதில் சொல்ல ஒரு சீமைச் சைக்கிளாவது வேண்டும் என்று அவருக்குப் பட்டது. பின்னால் தம் மனைவி கோகிலாம்பாளை உட்காரவைத்து ஓட்டவேண்டும் என்றும் ஆசைப்பட்டார். அந்த அம்மாளின் உடம்பைப் பார்த்தவர்கள் இதை வீரம் என்று சொல்வார்கள்.

எதிரே ஆப்பக்கடை பவுனம்மாளிடம் டீ குடித்துக்கொண்டிருந்த உலகநாதன், இதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டால் அவன்கூட யோசிப்பான் என்று சிரித்தான். தணிகைவேலுக்கு அது போதும்.

"ஆத்துத் திருநாளுக்கு ஐயா இதுலதான் போவாரு. அம்மாவ பின்னால வச்சிகினு போவாரு. வேற ஒருத்தன் கை படாம நானே செய்யறேன். செய்யலன்னா கடைய பிரிச்சி எடுத்துகினு போயிடறேன், போதுமா?"

யாரும் அவனை இப்படிப் பேசச் சொல்லவில்லை. உலகநாதன் உடனே டீயைக் கீழே வைத்துவிட்டு, மாமா கேட்டுக்கொண்டீர்களா என்றான். வேடிக்கை என்றால் விடாத தெய்வநாயகமும் சரி என்று சொல்லிவிட்டார். பொங்கல் கழிந்த ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் திருநாள். அதுவரை கெடு.

தணிகைவேல் முதலில் ஃபிரேமைப் பார்த்தான். சொல்தா மிஞ்சிப்போன கதவுப் பெயிண்டைப் பூசி வைத்திருந்தார். அந்தப் பச்சையை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து எடுத்தபோது கீழே ஒரு கருநீலம் தெரிந்தது. அதன் மேல் மயிர்க்கனத்தில் பொன்னிறக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் கை மெதுவாயிற்று. அது கலையாமல் இருக்க, ஓரங்களை உப்புத்தாளால் தொடாமல் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தே பச்சையை எடுத்தான். ஹேண்டிலிலிருந்து இறங்குகிற குழாய் பெடலடியில் சேருகிற இடத்தில், மாட்டுக் கொட்டகை ஈரம் தின்று விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. அதற்குத் தகடு வைத்து வெண்காரம் போட்டுப் பித்தளையால் பற்றவைக்க வேண்டும்.

கோகிலாம்பாளுக்கான கேரியரில் வேறு சிக்கல். அளவெடுக்காமல் செய்ய முடியாது. அந்த அம்மாளிடம் டேப்பைக் கொண்டுபோகவும் முடியாது. வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க அவர் வந்த அன்றைக்குத் தவிட்டு மூட்டை ஒன்றைப் போட்டு உட்காரச் சொன்னான். அவர் எழுந்து போன பிறகு மூட்டையில் விழுந்திருந்த பள்ளத்தை அளந்துகொண்டான். பவுனம்மாள் எதிர்க்கடையிலிருந்து இதைப் பார்த்து, வாயில் இருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டாள்.

தெய்வநாயகத்துக்குக் கால் குட்டை, ஃபிரேமோ உயரம். சீட்டுக் கம்பியை அறுத்துச் சீட்டை ஃபிரேம் மேலேயே உட்காரவைத்தான். அப்படியும் கால் எட்டாது என்று பெடல்களில் புளியங்கட்டை வைத்து முடுக்கினான். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, வலது கப்புக்கு வரும்வரை.

பெடல் அச்சு சுற்றுவதற்கு ஃபிரேமின் அடியில் இரண்டு பக்கமும் இரண்டு கப்பு இருக்கும், உள்ளே பால்ரஸ் குண்டுகளோடு. இடது கப்பு சொன்னபடி கழன்றது. செயின் பக்கத்துக் கப்பு அசையவில்லை. அதை விட்டுவிட்டுப் பற்றவைக்கவும் முடியாது. ஓட்டை அதன் பக்கத்திலேயே இருந்தது. உலைச் சூடு பட்டால் கப்பின் கடினம் போய்விடும். அப்புறம் பால்ரஸ் அதை வெண்ணெய் மாதிரி தின்றுவிடும். அந்தக் கப்புக்கு மாற்றுக் கப்பு கடலூரிலும் இல்லை, புதுச்சேரியிலும் இல்லை.

செயின் பக்கத்துக் கப்புக்கு மரை தலைகீழாக இருக்கும் என்பது கடலூரில் அவன் கற்ற முதல் ரகசியம். மற்ற எல்லாம் இடப்பக்கம் சுற்றினால் கழலும். இது ஒன்று வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். மிதிக்கிற மிதியில் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆகவே வலப்பக்கம் சுற்றினான். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டுச் சுற்றினான். கப்பு கெடாத அளவுக்குத் தணலில் காட்டிச் சுற்றினான். ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் சொருகிச் சுற்றினான். ஃபிரேமைப் பனைமரத்தோடு கட்டி, கரும்பு வண்டிக்காரர்கள் நாலு பேரைக் குழாயில் தொங்கவிட்டான். தான் சொல்லித் தொங்குகிற கை தன் கைதான் என்று உலகநாதனுக்கு முன்கூட்டியே விளக்கம் சொல்லிவிட்டான். பனைமரம் ஆடியது; கப்பு ஆடவில்லை.

பொங்கலும் வந்து போனது. மறுநாள் தெய்வநாயகமே வந்து, தள்ளுங்கடா என்று சொல்லிக் குழாயின் முனையில் உட்கார்ந்தார். கிறீச் என்று ஒரு சத்தம். தணிகைவேல் சாக்பீஸால் போட்டிருந்த அடையாளம் மயிரிழை நகர்ந்திருந்தது. கூடியிருந்தவர்கள் விசிலடித்தார்கள். பவுனம்மாள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வடை கொடுத்தாள், சும்மாவே. உலகநாதனுக்கு மட்டும் வடை இறங்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் தணிகைவேல் வீட்டுக்குச் சாப்பிடப் போனான். தெய்வநாயகம் பக்கத்து வயலில் கரும்பு வெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகநாதன் கடைக்குள் நுழைந்தான். நேற்று அசைந்தது இன்று கழன்றுவிடும் என்ற பயம் அவனுக்கு. அதனால் ஸ்பேனரை மாட்டி, ஊரே இத்தனை நாள் சுற்றிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் குழாயைப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தான்.

படக்கென்று விட்டது. உலகநாதன் பின்னால் போய்ப் பஞ்சர் தொட்டியில் உட்கார்ந்தான். எழுந்து வந்து, என்ன ஆயிற்று என்று தொட்டுப் பார்த்தால் கப்பு விரலுக்கே சுற்றி வந்து கையில் விழுந்தது. அதைத் திரும்ப உள்ளே திருகிவிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுவதற்குள், அவன் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பவுனம்மாள் சாலைக்கு வந்து, கழண்டுச்சி பா என்று நாலு திசைக்கும் சொல்லிவிட்டாள்.

வயலிலிருந்து தெய்வநாயகம் வந்தார். வெட்டுகிறவர்கள் அரிவாளோடு வந்தார்கள். சாப்பிட்ட கை காயாமல் தணிகைவேல் ஓடிவந்தான். உலகநாதனுக்கு வேட்டியில் தண்ணீர் சொட்டினாலும் மூளை ஈரமாகவில்லை.

"மாமா, இத்தினி நாளா இவரால ஆவல. நான் ஒரே இழுப்புல கழட்டுனேன். வேற கை படாம செய்யறேன்னுதான சொன்னாரு? இதோ என் கை பட்டுட்டுது. கடைய பிரிக்கச் சொல்லுங்க."

தெய்வநாயகம் தாடையைத் தடவினார். பேச்சு பேச்சுதான் என்று அவர் முகத்தில் தெரிந்தது. "இன்னாபா தணிகை, இன்னா சொல்ற?"

தணிகைவேல் கப்பை வாங்கி வேட்டியில் துடைத்தான். மரைக் கோடுகளை வெயிலில் சாய்த்துப் பார்த்தான். பிறகு டப்பாவைக் கவிழ்த்து இங்கிலீஷ் சைக்கிளின் பழைய வலது கப்பு ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தான். ஒன்றின் கோடுகள் இப்படிச் சாய்ந்திருந்தன. மற்றதன் கோடுகள் அப்படிச் சாய்ந்திருந்தன. கடலூர் இங்கிலீஷ்காரன் ஊர். பாகூர் பிரெஞ்சுக்காரன் ஊர். இரண்டு பேரும் போய் வெகுகாலம் ஆகியும், கப்புக்குள் மட்டும் எல்லைக்கோடு அப்படியே இருந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரன் தலைகீழ் மரை வைக்கவில்லை. இத்தனை நாளும் தான் செய்தது இறுக்குகிற வேலை.

வாயைத் திறந்தால் ஆயுசுக்கும் சிரிப்பார்கள். திறக்காவிட்டால் கடை இல்லை. நாலு கழியையும் ஒரு பார்வை பார்த்தான்.

"உலகு, நீ எந்தப் பக்கம் இழுத்த?"

உலகநாதன் கையை இடப்பக்கமாகச் சுற்றிக் காட்டினான்.

"நாங்க எல்லாரும் இந்தப் பக்கம் இழுத்தோம். நீ மட்டும் இன்னாத்துக்கு அந்தப் பக்கம் இழுத்த?"

"நீங்க சுத்தறது தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியுமா?" தணிகைவேல் இரண்டு கப்புகளையும் நீட்டினான். "இதுல எது எந்தப் பக்கம் கழலும், சொல்லு."

உலகநாதன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று எடுத்து எடை போட்டுப் பார்த்தான். கரும்பு வெட்டுகிறவன் ஒருவன் பின்னாலிருந்து, தராசு கொண்டாரட்டுமா என்று கேட்டான்.

"அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாதுபா, இந்த நிமிசம் வரைக்கும்" என்றான் தணிகைவேல். "நாங்க கழட்டறோம்னு நெனச்சி இறுக்கிகினு இருந்தோம். இவன் இறுக்கலாம்னு வந்து கழட்டிட்டான்."

தெய்வநாயகம் குழாயைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நேத்து நான் உக்காந்தது?"

"அதுவும் இறுக்குனதுதான் ஐயா. நாங்க எல்லாரும் சேந்து இறுக்குனத விட நீங்க ஒருத்தரு இறுக்குனது ஜாஸ்தி."

"அதுக்கா நான் வடை குடுத்தேன்?" என்றாள் பவுனம்மாள்.

தெய்வநாயகத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் வயிறு அவர் சொல்லைக் கேட்காமல் தானாகக் குலுங்க ஆரம்பித்தது. கடைசியில் தவிட்டு மூட்டையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். இறுக்க வந்தவன் கை கணக்கில் சேராது. ஆனால் கெடு கெடுதான். திருநாளுக்கு வண்டி ஓடவில்லை என்றால் கடை உலகநாதனுக்கு.

இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. தணிகைவேல் அன்றைக்கே ஃபிரேமைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினான். கொல்லன் உலையில் தானே ஓட்டைக்குத் தகடு வைத்துப் பற்றவைத்தான். பித்தளை ஓடி நிரம்பியதை அரத்தால் ராவி, எங்கே பற்றவைத்தது என்று விரலுக்கே தெரியாமல் செய்தான். பொன்னிறக் கோடு விட்டுப்போன இடங்களில் அணில்வால் மயிரால் கோட்டைத் தொடர்ந்தான். கப்பைத் திருப்பிப் பூட்டும்போது மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான்.

திருநாளன்று காலையில் தெய்வநாயகம் திண்டு மாதிரி இருந்த கேரியரில் கோகிலாம்பாளை ஏற்றிக்கொண்டு கடையைத் தாண்டிப் போனார். வண்டி முனகவில்லை; அவர்தான் முனகினார். அந்த அம்மாள் ஒரு கையில் மஞ்சள் பையும் மறு கையில் கணவரின் இடுப்பு மடிப்புமாகப் பிடித்துக்கொண்டு, சீட்டு சரியான அளவாக இருக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று தணிகைவேலைப் பார்த்துக் கேட்டபடியே போனார். ஆற்றங்கரையில் சாமிகள் வந்து இறங்கியிருந்த கூட்டத்தில் சம்பந்தியின் ஸ்கூட்டரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரம் எங்கே? தெய்வநாயகம் இறங்கக் கால் எட்டாமல், யாராவது பிடியுங்கடா என்று சொல்லிக்கொண்டே மணலைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கடைசியில் பிடித்து நிறுத்தியவன் உலகநாதன்தான். அங்கேயே, அத்தனை பேர் நடுவில், அந்த முனை தணிகைவேலுக்குத்தான் என்று அவர் சொல்லிவிட்டார். உரக்கடையை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் தணிகைவேல் ஃபிரேமின் அடிவயிற்றில், வலது கப்புக்குப் பக்கத்தில், சிவப்பில் சின்ன அம்புக்குறி ஒன்று போட்டிருந்தான். எதற்கு என்று கேட்டவர்களிடம் அலங்காரம் என்றான். அலங்காரம் பிடித்துப்போய்க் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து ஒருவர் தம்முடைய சாதாரண சைக்கிளைக் கொண்டுவந்து, இதற்கும் அந்த மாதிரி அம்பு போட்டுக் கொடு என்று நின்றார். தணிகைவேல் கப்பை எட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கமாக ஓர் அம்பு போட்டுக் கொடுத்தான்.