சிவப்புக் கோடும் சாம்பல் கோடும்

உறுதி என்னும் குணத்தைப் பலரும் பிடிவாதத்தோடு சேர்த்து எண்ணிவிடுகின்றனர். சொன்ன சொல்லை விடாதது பிடிவாதம். தேடிய பொருளை விடாதது உறுதி. அதன்பொருட்டுச் சொன்ன சொல்லைக் கைவிடவும் அது அஞ்சாது. மினசோட்டாவின் வடக்கே, இரும்புச் சுரங்க ஊரொன்றில், பள்ளியின் கடைசி ஆண்டில் பயின்ற ஹெல்மி லாம்பியிடம் அக்குணம் இருந்தது. அது இருப்பதை அவளே அறிய ஒரு டிசம்பர் காலை வேண்டியிருந்தது.

அவள் தந்தை வெய்ன் சுரங்கத்தில் வீடளவு உயர்ந்த லாரியை ஓட்டுபவர். அவர் சட்டைப்பையில் வந்த கற்களே அவளுடைய முதல் விளையாட்டுப் பொருள்கள். சிவப்புக் கோடும் சாம்பல் கோடும் மாறிமாறி ஓடும் இரும்புக் கற்கள். இக்கோடுகள் எப்படி வந்தன என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள், ஆக்ஸ்போர்டில் நிலவியல் படிப்பதென்று தீர்மானித்தாள். உள்நாட்டுக் கல்லூரியில் வரலாறும் இலக்கியமும் கலந்து படித்தாக வேண்டும். அங்கோ சேர்ந்த நாள்முதல் கல் ஒன்றே பாடம்.

"ஏன், பக்கத்துல டுலூத் காலேஜ்ல கல்லு தீந்து போச்சா?" என்றாள் தாய் ஜோயன்.

"கல்லு இருக்கும்மா. ஆனா வாராவாரம் வாத்தியார் எதிர்ல உக்காந்து அதைப்பத்திச் சண்டை போட அங்கதான் விடுவாங்க."

"சண்டை போட அட்லாண்டிக் தாண்டணுமா? உன் தம்பி எதுக்கு இருக்கான்?"

இலையுதிர்காலம் வந்தால் அவ்வூர்ப் பள்ளியில் கடைசி வகுப்பினர் அனைவரும் கல்லூரி விண்ணப்பத்துக்கான கட்டுரை எழுதுவர். நான் யார், என்ன துன்பப்பட்டேன், எப்படி எழுந்தேன் என்பதே அதன் பொருள். சிறுமியாய் இருந்தபோது ஏரியின் பனிப்பாளம் உடைந்து தான் மூழ்கியதையும், தந்தை வயிற்றால் ஊர்ந்து வந்து தலைமுடியைப் பற்றி இழுத்ததையும் ஹெல்மி எழுதினாள். விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியை திருமதி கோவாச் அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெய்ன் ஒரு படி எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார். அதையே ஆக்ஸ்போர்டுக்கும் அனுப்புவதாக இருந்தாள் ஹெல்மி.

அனுப்புமுன், அப்பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்பதை ஊன்றிப் படித்தாள். பாடத்தில் எதைப் படித்தாய், எதை எண்ணினாய் என்பதன்றி வேறெதுவும் அவர்கள் கேட்கவில்லை. அன்றே ஏரியை மடித்து வைத்துவிட்டுக் கல்லை எழுதத் தொடங்கினாள். மரத்தின் வளையங்களைப் போல, ஒரு சிவப்பும் ஒரு சாம்பலும் சேர்ந்தால் ஆதிக்கடலின் ஓராண்டு என்பது அவள் துணிபு. அதையே நடுநாயகமாக நிறுத்தி எழுதினாள்.

திருமதி கோவாச் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நீ எங்க இருக்க? ஹாக்கி கேப்டன் எங்க? சர்ச்ல பான்கேக் சுட்டுப் போட்டது எங்க? ஐயோ, அந்த ஏரி எங்க?"

"அவங்க என்னைக் கேக்கல மிஸ். கல்லைத்தான் கேக்கறாங்க."

"இதைப் படிச்சு யாரு அழப்போறாங்க, கண்ணு?"

"யாரும் அழ வேண்டாம் மிஸ்."

வீட்டில் வெய்ன் வேறு விதமாகக் கேட்டார். "அப்ப, என்னைத் தூக்கிட்டுக் கல்லை வெச்சுட்ட."

"கல்லைக் கொண்டாந்ததே நீங்கதானப்பா."

அவர் உருளைக்கிழங்கை மென்று விழுங்கினார். பிறகு, "ஃப்ரிட்ஜ்ல இருக்கறத எடுக்காத. அது எனக்கு" என்றார்.

ஆக்ஸ்போர்டின் எழுத்துத் தேர்வு முடிந்தது. நேர்காணலுக்கு அழைப்பும் வந்தது. சேர்வதும் சேராததும் இனி அந்த அரைமணி நேரப் பேச்சில்தான் என்பதை வீடு முழுதும் அறிந்திருந்தது. திருமதி கோவாச் அவளைப் பழக்கினார். "நிமிந்து உக்காரு. சிரி. தெரியலன்னு மட்டும் வாயத் தொறந்து சொல்லிடாத. சொன்னதுல அசையாம நில்லு." பள்ளி விவாத அணியிலும் அவள் கற்றது அதுவே: பின்வாங்கியவர் தோற்றவர்.

நேர்காணல் அன்று, கண்ணிமை உறையும் குளிரில், முதல் மணி அடிக்குமுன் பள்ளி நூலகத்தின் பின்னறையில் கணினிமுன் அமர்ந்தாள். திரையில் ஆக்ஸ்போர்டு ஆசிரியர் இருவர் தோன்றினர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிவிட்ட ஓர் அம்மையார். அருகில் தாடி வைத்த இளைஞர் ஒருவர். அங்கே பிற்பகல்.

"ஒரு ஜோடிக் கோடு ஒரு வருஷம்னு எழுதியிருக்கீங்க" என்றார் அம்மையார். "உங்க ஊர்ல அந்தப் பாறை எவ்வளவு தடிமன்?"

சொன்னாள்.

"ஒரு ஜோடி எவ்வளவு தடிமன்? அப்ப மொத்தம் எத்தனை வருஷம் ஆகியிருக்கும்?"

தாளில் வகுத்தாள். சில பத்தாயிரம் ஆண்டுகள் என்று வந்தது. விடையைச் சொல்லும்போதே அவள் குரல் தளர்ந்தது.

"அந்தப் பாறை உருவாக எவ்வளவு காலம் ஆச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?"

"பல லட்சம் வருஷம்னு."

"ரெண்டும் எப்படிச் சேரும்?"

தப்பிக்க வழிகள் தோன்றின. அளவு தவறாக இருக்கலாம் என்று நழுவலாம். சிரித்துக்கொண்டே பேச்சை வேறிடம் திருப்பலாம். சொன்னதில் அசையாமல் நில் என்ற குரல் காதில் ஒலித்தது. ஆக்ஸ்போர்டு தன் கையைவிட்டு நழுவுவதை அவள் கண்ணாரக் கண்டாள். கணினியின் ஓரத்தில் தந்தை கொடுத்த கல் இருந்தது. அதைப் பார்த்தாள். அந்தக் கோடுகள் உண்மையில் எவை என்று அறியும் ஆசை, அங்குச் சேரும் ஆசையைக் காட்டிலும் மூத்ததாக அவளுள் இருந்தது.

"சேராது. நான் எழுதினது தப்பு" என்றாள்.

"நல்லது. அப்புறம்?" என்றார் இளைஞர்.

அந்த 'அப்புறம்' அவளைத் தூக்கி நிறுத்திற்று. "ஒண்ணு, இந்தக் கோடு வருஷக் கோடே இல்ல. இல்லன்னா வருஷக் கோடுதான், ஆனா நடுவுல எதுவுமே படியாம ரொம்பக் காலம் போயிருக்கு."

"எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அவள் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பினாள். "நடுநடுவுல எரிமலைச் சாம்பல் படிஞ்ச அடுக்கு இருந்தா, அதுக்கு வயசு பாக்கலாம். ரெண்டு சாம்பல் அடுக்குக்கு நடுவுல எத்தனை கோடு, எத்தனை வருஷம்னு ஒப்பிட்டா தெரிஞ்சுடும்... அந்த அடுக்கு எங்க ஊர்ல இருக்கான்னு தெரியல. தேடணும்."

வெளியே வந்தவளைத் திருமதி கோவாச் பிடித்துக்கொண்டார். "எப்படிப் போச்சு?"

"என் கட்டுரை தப்புன்னு சொல்லிட்டேன் மிஸ்."

"கடவுளே! யார்கிட்ட?"

"அவங்ககிட்டதான்."

சனிக்கிழமை மாலை, வீட்டின் பின்னே சானா என்னும் நீராவிக் குளியல் அறைக்கு விறகு பிளந்துகொண்டிருந்த வெய்ன் முழுக் கதையையும் கேட்டார். "ரெண்டு பேர் மூஞ்சிக்கு நேரா தப்புன்னு ஒத்துக்கிட்டியா? எங்க மேஸ்திரி இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அதைச் செஞ்சதில்ல."

"போச்சுப்பா, அவ்வளவுதான்."

"சரி. அந்த எரிமலைச் சாம்பல் அடுக்கு நம்ம ஊர்ல இருக்கா, இல்லையா?"

ஹெல்மி நிமிர்ந்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் தந்தையும் மகளும் பழைய குழியின் விளிம்பில், மூடிய சுரங்கத்தின் வேலிக்கு வெளியே, முழங்கால் பனியில் நின்று பாறைமுகத்தைத் தொலைநோக்கியால் துருவினர். அடுக்கு ஏதும் கண்ணில் படவில்லை. மறுநாளும் சென்றாள். ஆக்ஸ்போர்டில் இடம் கிடைக்காது என்றே எண்ணியிருந்தாள், ஆயினும் சென்றாள்.

ஜனவரியில் பதில் வந்தது. பள்ளி முடிவில் எழுதும் மே மாதத் தேர்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் உச்ச மதிப்பெண் பெற்றால் இடம் உனக்கு என்றது.

"அப்ப இன்னும் கெடைக்கலயா?" என்றாள் ஜோயன்.

"கெடைச்சிருக்கும்மா. நான் போய் எடுத்துக்கணும்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று தாய் அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். ஹெல்மி உண்டு முடித்துக் கணித நூலைத் திறந்தாள். கல் அதன்மேல் எடையாக இருந்தது.

மலையை அடுக்கடுக்காய் அமைத்த இறைவன் அவ்வீட்டைக் காப்பானாக. லாரி ஏறிச் செல்லும் தந்தை மாலைதோறும் நலமே மீள்க. தாயின் அடுப்பு அணையாதிருக்க. தம்பியோடு அவள் இடும் சண்டை கடல்தாண்டியும் தொடர்க. மகள் கேட்கும் கேள்விக்கெல்லாம் கல் வாய்திறந்து விடை சொல்க.