பிள்ளை பிடிக்கிறவள்னு ஒரு போட்டோ

நாள் பூரா செல்போன் பார்த்துக்கினு இருக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற போலீஸ் நான்.

திருடனைத் துரத்துற போலீஸ் இல்லீங்க. ஃபேஸ்புக், யூடியூப், ஊர் குரூப்புன்னு எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளிய கிடக்கிறதை மட்டும் பார்க்கணும். இது நிஜமா, எங்க எடுத்தது, இதால எங்கயாவது அடிதடி வருமான்னு முன்னாடியே கண்டுபிடிச்சுச் சொல்லணும். யார் வூட்டு ஜன்னலையும் எட்டிப் பார்க்கிற வேலை கிடையாது. குடும்ப குரூப்புல மாட்டிக்கினு முழிக்கிற நீங்களும் நம்ம கேசுதான். காலையில கண்ணைத் திறந்தா ஒரு ரோஜாப்பூ, ஒரு 'இனிய காலை வணக்கம்', அதுக்குக் கீழயே 'அவசரம், அனைவருக்கும் பகிரவும்'. நீங்க தள்ளிவுட்டுப் போயிடலாம், நான் உக்காந்து படிக்கணும். அவ்ளோதான் வித்தியாசம்.

வூட்டுல என் மரியாதை

கண்ணு ரெண்டும் எரிய வூட்டுக்கு வந்து விழுவேன். மறுபடியும் போன் அடிக்கும், மறுபடியும் பார்ப்பேன். வேலையைப் பத்தி எங்க மாமியாருக்கு எவ்ளோ வெளக்கிச் சொல்லியும் ஏறல. ஒரு நாள் பக்கத்து வூட்டம்மா, "உங்க மருமவ போலீஸ்ல இன்னா வேலை பார்க்குது?"ன்னு கேட்டாங்க. மாமியார் கொஞ்சம்கூட யோசிக்கல.

"ஆபீஸ்லயும் செல்போனு, வூட்லயும் செல்போனு. ஆபீஸ்ல பார்த்தா மட்டும் கவர்மெண்டு துட்டு குடுக்குது."

மெத்தை மேல ஆடு

மழைக்காலத்துல ஒரு வீடியோ வந்துச்சு. கரை உடைஞ்சு தண்ணி சீறிக்கினு வருது, 'மணலூர்பேட்டை மக்களே உஷார்'னு கீழ எழுத்து. உத்துப் பார்த்தா தண்ணியில சாய்ஞ்சு கிடக்கிற கடை போர்டுல தமிழே இல்ல. எங்கியோ வெளி மாநிலத்துல என்னிக்கோ நடந்தது. பொய்யின்னு எல்லா குரூப்புலயும் போட்டாச்சு. இருந்தாலும் மனசு கேக்காம அந்தப் பக்கம் நேர்ல ஒரு நடை போனோம்.

அங்க ஒரு பெரியவர், படிக்கட்டு இல்லாத மெத்தைக்கு, அதான் மொட்டை மாடிக்கு, ஏணி வெச்சு, தன் ஆட்டையெல்லாம் ஒவ்வொண்ணா தோள்ல தூக்கி ஏத்திட்டு, மேலயே ஆடுங்க நடுவுல உக்காந்துக்கினு இருக்கிறாரு. ஆறு அமைதியா இருக்குது, பயப்படாதீங்க ஐயான்னு கீழ இருந்து கத்தினேன். என்னையும் பார்த்தாரு, ஆட்டையும் பார்த்தாரு.

"பொய்யின்னா சந்தோசம்தாம்மா. ஆனா ஏத்தினது நானு, எறக்கறதுக்கு நீங்கதான் வரணும்."

அந்த போட்டோ

இதெல்லாம் சிரிச்சிட்டுப் போற சமாச்சாரம். இனிமே சொல்லப்போறது அப்படி இல்ல.

ஒரு நாள் காலையில ஒரு போட்டோ வந்துச்சு. ஒரு பஸ் நிக்கிற இடம், பின்னாடி மலை. நடுத்தர வயசுல ஒரு அம்மா, பக்கத்துல பெரிய மூட்டை, முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு. அந்தம்மா கை பொண்ணு தலை மேல இருக்குது. கீழ: 'கல்வராயன்மலையில் பிள்ளை பிடிக்கிறவள். கண்டால் விடாதீர்கள்.' மதியத்துக்குள்ள நான் பார்க்கிற குரூப்பு எல்லாத்துலயும் அதே மூஞ்சி. 'விடாதீர்கள்'ங்கிற அந்த ஒத்தை வார்த்தையிலதான் என் கண்ணு நின்னுச்சு. இந்த மாதிரி ஒரு சேதியால அடிபட்டு உசுரு போனவங்க நம்ம நாட்டுல உண்டு. யாரோ ஒருத்தி எங்கியோ நடந்துக்கினு இருக்கிறா, அவளுக்கே இது தெரியாது. கூட்டத்துக்கு முன்னாடி நாங்க அவளைக் கண்டுபிடிக்கணும்.

பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தேன். மூட்டை வாயில பிளாஸ்டிக் டப்பு அடுக்கியிருக்குது, தோள்ல ஒரு துணிப்பை, அதுல ஏதோ கறுப்பா நீட்டிக்கினு இருக்குது. ஒண்ணும் புரியல. பக்கத்து சீட்டு ஏட்டு சாந்தி அக்கா டீ கிளாஸோட எட்டிப் பார்த்தாங்க, கிளாஸை டக்குனு வெச்சாங்க.

"அடியேய், அது முடிடி! பிள்ளை பிடிக்கிறவ இல்ல, நம்ம தலையில கொட்டின முடியை வாங்கிக்கினு டப்பு குடுக்கிற மகராசிடி இவ!"

ஏறாத நிஜம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல முடி வியாபாரத்துக்குப் போற ஒருத்தங்களைப் பிடிச்சு போட்டோ காட்டினோம். "நம்ம பாக்கியம் ஆச்சே, சின்னசேலம் பக்கம்"னாங்க. போனு? பட்டன் போனு, அடிச்சா லைனே போகல. இப்ப எங்க? "இன்னிக்கு மலையில சந்தையாச்சே, விடியக்காலையிலயே ஏறிட்டிருப்பா." எந்த ஊர்ல அவ கூட்டத்துக்கிட்ட மாட்டக்கூடாதுன்னு நெனச்சுக்கினு இருக்கிறோமோ, அந்த ஊருக்கே தானா போயிருக்கிறா.

இதுக்குள்ள 'இது வதந்தி'ன்னு எங்க அதிகாரி பேசி ஒரு வீடியோ போட்டிருந்தோம். கீழ ஊருங்கள்ல அடங்கிப்போச்சு. மலையில மட்டும் ஒண்ணுமே மாறல. காரணம் அங்க போனப்புறம்தான் புரிஞ்சுது. மலையில சிக்னல் கிடைக்கிற இடமே கம்மி. ஒரு பாறை மேல ஏறி நின்னாதான் வாட்ஸ்அப்பு வரும். போட்டோ சின்னது, சட்டுனு எறங்கிடுச்சு. எங்க வீடியோ பெருசு, வட்டம் சுத்திக்கினே நிக்குது. பாறை மேல நின்ன ஒருத்தரு போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிக் காட்டினாரு.

"உங்க வீடியோ வந்துகினு இருக்குது மேடம். காலையில இருந்து வந்துகினுதான் இருக்குது."

இடுப்புல முடிச்சு

நேரா சந்தைக்குப் போயிருந்தா நாங்க சொல்றதை யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. சாந்தி அக்காதான், "அந்தப் பொண்ணு யாருன்னு மொதல்ல பாரு"ன்னாங்க. பஸ் நிக்கிற இடத்து டீக்கடையில போட்டோ காட்டினதும், "நம்ம ராணி பொண்ணு"ன்னாங்க. ராணி மரவள்ளிக் கொல்லையில களை எடுத்துக்கினு இருந்தாங்க. அவங்க வூட்ல போனே கிடையாது. தன் பொண்ணு போட்டோ மாவட்டம் பூரா சுத்துறது பெத்தவளுக்குத் தெரியல. காட்டினதும், "ரிப்பன் அவுந்து தொங்குது, கட்டிவுடுக்கான்னு சொன்னதே நானுதான்! நான் அந்தாண்ட நின்னேன், போட்டோவுல வுழல!"ன்னு கத்தினாங்க. ஜீப்புல ஏறுங்கன்னா, "இரு"ன்னுட்டு வூட்டுக்குள்ள ஓடி, எதையோ இடுப்புல சொருகிக்கினு வந்தாங்க. எனக்கு உள்ளுக்குள்ள எரியுது, இந்த நேரத்துல இன்னா எடுக்கப் போனாங்கன்னு.

சந்தையில கூட்டம் வட்டம் கட்டி நிக்குது. நடுவுல பாக்கியம்மா தரையில, மூட்டை கொட்டிக் கிடக்குது, ஒருத்தன் கையில கழி. "போலீஸ், வழி வுடுங்க"ன்னு நான் கத்தினது எனக்கே கேக்கல. ராணி யாரையும் கேக்கல, உள்ள பூந்துட்டாங்க. பாக்கியம்மா எதிர்ல சப்பணம் போட்டு உக்காந்தாங்க. இடுப்பு முடிச்சை அவுத்தாங்க. சீவும்போது கொட்டினதைச் சுருட்டிச் சுருட்டி, கூரை இடுக்குல சேத்து வெச்ச முடிப் பந்து. அதை எடுத்து பாக்கியம்மா மடியில போட்டுட்டு, கூட்டம்னு ஒண்ணு இல்லவே இல்லாத மாதிரி பேரம் பேச ஆரம்பிச்சாங்க. பாக்கியம்மா அந்த முடியை மட்டும் தடவிக்கினே இருக்கிறாங்க. கொஞ்ச நேரத்துல பின்னாடி நின்ன ஒரு பொம்பளை, "எனக்கும் வூட்ல கிடக்குது, எடுத்தாரேன்"னுச்சு. கழி வெச்சிருந்தவன் அதைக் கீழ போட்டுட்டு, உருண்டு போன டப்பைப் பொறுக்க ஆரம்பிச்சான். நான் வெக்கத்தை வுட்டு அழுதேன். ராணி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கல, விரலை நீட்டி பாக்கியம்மாவைத்தான் மெரட்டினாங்க.

"போன தபா சின்ன டப்பு குடுத்து ஏமாத்தின. இந்தத் தபா அந்த பெரிய பச்சை டப்புதான் வோணும், ஆமா."

எழுதினவ

போட்டோவை மொதல்ல போட்டது யாருன்னு பின்னாடியே போய்த் தேடினோம். உளுந்தூர்பேட்டை பக்கம், கூலி வேலைக்குப் போற ஒரு பொண்ணு. மலையில சொந்தக்காரங்க வூட்டுக்குப் போனப்ப பஸ் ஜன்னல்ல இருந்து எடுத்தது. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேக்கணும்னுதான் போனேன். கேஸ் தனியா நடக்குது, அதை வுடுங்க. பாக்கியம்மா யாருன்னு சொன்னதும் முந்தானையை வாயில வெச்சுக்கினு அழுதா. ஏம்மா அப்படி எழுதினன்னு கேட்டேன்.

"நான் கரும்பு வெட்டப் போயிட்டா எம் பொண்ணு தனியாத்தாம்மா வூட்டுக்கு வருது. அந்த பயத்துல எழுதிட்டேன்."

சின்னசேலம் பஸ்

பாக்கியம்மா பொழைச்சாங்க. ஆனா பழையபடி இல்ல. எங்க ஆபீஸுக்கு ஒரு நாள் வந்து, "அந்தப் படத்தை அழிச்சிடும்மா"ன்னாங்க. போட்டவங்களை எடுக்க வைக்கலாம், ஆளாளுக்கு போன்ல எறங்கினதை எப்படிம்மா எடுக்கிறதுன்னேன். "எங்க தெருவுலயே என்னைப் பார்த்தா புள்ளைங்களை உள்ள கூப்பிட்டுக்கிறாங்க"ன்னாங்க. அதைச் சொல்லும்போதுகூட அழல. தெருவுல எதிர்ல குழந்தை வந்தா இவங்களே அந்தாண்ட ஒதுங்கிப் போறாங்களாம். கழியால அடிச்சிருந்தாக்கூட அந்தக் காயம் ஆறியிருக்கும்னு தோணுச்சு. மலைக்கும் போறதை நிறுத்திட்டாங்க. ராணி சொல்லியனுப்பி, சொல்லியனுப்பி, கடைசியில ஒரு சந்தைக்குப் போயிட்டு வந்தாங்க.

அன்னிக்கு சாயங்காலம் அவங்க பக்கத்து வூட்டுப் பையன் போன்ல இருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. பஸ்ஸுல கூட்டம் ஜாஸ்தின்னா நின்னுக்கினு இருக்கிற பொம்பளைங்க கைக்குழந்தையை உக்காந்திருக்கிறவங்க மடியில குடுக்கிறது நம்ம பக்கத்து வழக்கம்தானே. யாரு இன்னா ஊருன்னு கேக்க மாட்டாங்க, குடுத்துட்டு கம்பியைப் பிடிச்சுக்குவாங்க. பாக்கியம்மா குரல் உடைஞ்சு உடைஞ்சு வந்துச்சு.

"ஒருத்தி என் மூஞ்சை நல்லாப் பார்த்துட்டுத்தாம்மா புள்ளையை என் மடியில வெச்சா. சின்னசேலம் வர்ற வரைக்கும் அது தூங்கிக்கினே வந்துச்சும்மா."

யோசிக்காம எதையும் ஃபார்வேர்டு பண்ணாதீங்கன்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்துற நான், பாக்கியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, அந்த மெசேஜை மட்டும் எனக்குத் தெரிஞ்ச அத்தனை குரூப்புக்கும் 'அவசரம், அனைவருக்கும் பகிரவும்'னு போட்டு அனுப்பிட்டேன்.