மூன்று அடி வழி

வரவேற்பறைகளை அழகுபடுத்துவது அவளுடைய தொழில். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அளவு நாடாவை எடுக்க மாட்டாள். அங்குள்ள ஒவ்வோர் இருக்கையிலும் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கண் எங்கே போகிறது என்று பார்ப்பாள். அதனால் 'நாற்காலியம்மா' என்றே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. ஜன்னலுக்கு முதுகு காட்டி இருக்கை போடாதீர்கள், ஒரே பெரிய விளக்குக்குப் பதிலாக மூலைக்கொரு சிறு விளக்கு வையுங்கள், நடக்க மூன்று அடி வழி விடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வாள்.

அந்த மூன்று அடி அவளுடைய சொந்த வரவேற்பறையில் இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன் விளம்பரப் புத்தகத்துக்காக அதைப் படம் பிடித்தபோது, நெருக்கம்தான் படத்தில் அழகாகத் தெரியும் என்று, சோபாவையும் கல் மேசையையும் ஒன்றரை அடி இடைவெளியில் தரையோடு பொருத்தச் சொன்னவள் அவளே. தச்சர் பலகைகளைக் கொண்டுவந்து அறைக்குள்ளேயே கோத்த சோபா அது. எந்தக் கதவு வழியாகவும் வெளியே போகாது. வாடிக்கையாளர்களை அழைத்துவரும் கணவருக்கோ அந்த அறைதான் கடை. ஒரு செய்தித்தாள்கூட அங்கே ஐந்து நிமிடம் கிடக்கக் கூடாது.

இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து, அவளுடைய அக்கா அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தாழ்ந்த இருக்கையில் உட்காரக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. சோபாவோ முழங்காலுக்கும் கீழே. படுக்கையறைகள் மாடியில். ஆகவே சமையலறையில் கட்டில் போட்டார்கள். குளியலறை வரவேற்பறைக்கு அப்பால் இருந்தது. அக்கா ஊன்றி நடக்கும் நான்கு கால் வாக்கர் அந்த ஒன்றரை அடிக்குள் நுழையாது. ஒவ்வொரு முறையும் தங்கை அதைத் தூக்கிக்கொள்ள, அவள் தோளைப் பற்றியபடி அக்கா பக்கவாட்டில் நகர்வாள்.

"நண்டு போகுது, வழி விடுங்க!" என்று தன்னையே கேலி செய்துகொள்வாள்.

"சோபாவை எடுத்துட்டு, கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டுடலாம்ங்க," என்று கணவரிடம் கேட்டாள் நாற்காலியம்மா.

"எடுக்கறதா? உடைக்கறதுன்னு சொல்லு. அதைப் பாத்துத்தானே ஆர்டர் குடுக்கறாங்க. ரெண்டு மாசம்தானே, உங்கக்கா பொறுத்துக்குவாங்க."

ஒரு நாள் காலையில் கொடுத்த தேநீர் ஆறிப்போய்க் கட்டிலருகே அப்படியே இருந்தது.

"ஏங்க்கா குடிக்கல?"

"இன்னைக்கு ஆளுங்க வர்றாங்கன்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரே. குடிச்சா போகணும். போகணும்னா உன் படத்துக்குள்ள நடக்கணும்."

பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்ன தம்பதி ஒன்றரைக்குத்தான் வந்தார்கள். நாற்காலியம்மா வழக்கம்போல் ஆரம்பித்தாள்: "எங்க உக்காந்தாலும் எழுந்து போக மூணு அடி வழி இருக்கணும்..."

'டங்' என்று ஓசை கேட்டது. யாரையும் கூப்பிடாமல் தனியே கிளம்பிய அக்கா, சோபாவுக்கும் மேசைக்கும் நடுவே வாக்கரோடு சிக்கிக்கொண்டு நின்றாள். முன்னே போகவும் முடியவில்லை; திரும்பவும் முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல. அப்படியும்..." என்றாள்.

வந்திருந்த பெண்மணி அந்த இடைவெளியைப் பார்த்தாள். "அந்த மூணு அடி எங்க வீட்டுக்கு மட்டும்தானாம்மா?"

நாற்காலியம்மா வாக்கரைத் தூக்கிக்கொண்டாள். அக்கா தோளைப் பற்றினாள். குளியலறைக் கதவு சாத்தப்பட்டதும், நாற்காலியம்மா எல்லோர் முன்னிலையிலும் தச்சரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ரம்பத்தோட வாங்க. சோபாவை அறுக்கணும்."

"ஐயோ, உள்ளயே பிறந்த பிள்ளையாச்சேம்மா!" என்று ஒலிபெருக்கியில் கேட்டது தச்சரின் குரல். "சார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சோபாவை அறுக்கும்போது உடைந்துவிடக் கூடாதே என்று, கல் மேசைமேல் இருந்த பூச்சாடியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அதை வைக்க இடம் தேடிச் சற்று நின்றார். பிறகு சமையலறைக்குப் போய், அங்கிருந்த கட்டிலின்மேல் வைத்தார்.