நாக்குக்குக் கிடைத்த விசா

“இவர் இப்ப நல்லாத் திருந்திப்போனார், தெரியுமோடி?” என்று கமலினி குசினியில் வெங்காயம் நறுக்கியபடி சொன்னாள்.

“ஏன், முந்திக் கூடாதவரே?” என்றாள் சந்திரவதனா.

“கூடாதவரோ! பால் கொஞ்சம் அடிப்பிடிச்சால் காணும், கோப்பையைத் தள்ளிவச்சிட்டு எழும்பிப் போடுவார். போன கிழமை பருப்பைக் கருக்கிப்போட்டன். வீடெல்லாம் புகை மணம். மனுஷன் பேசாமல் இருந்து ரெண்டுதரம் போட்டுச் சாப்பிட்டவர்.”

“உனக்குப் பயந்திட்டாராக்கும்.”

“கலியாணம் முடிச்சுப் பத்து வருஷத்துக்குப் பிறகோ?” கமலினி கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “நாளைக்கு உன்னை ஊர் சுத்திக் காட்டப் போறாராம். நான் கேக்கேல்லை, தானாச் சொன்னவர். என்னை ஒருநாளும் ஒரு கோப்பிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை.”

சந்திரவதனாவும் சிரித்துவைத்தாள். அது 1976ஆம் ஆண்டு. சிட்னியில், மெரிலேண்ட்ஸில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நாலு நாள் லீவு கிடைத்தது. எங்காவது போகவேண்டும் போலவும் இல்லை, போகாமல் இருக்கவேண்டும் போலவும் இல்லை. பள்ளித் தோழி கூப்பிட்டாள் என்று மெல்பேர்னுக்கு ரயில் ஏறியிருந்தாள்.

கமலினியின் கணவர் மகேந்திரராஜா தேயிலை சுவை பார்க்கிறவர். கொழும்பில் ஒரு தரகுக் கம்பனியில் காலை தோறும் அறுபது கோப்பை. ஒரு வாய் உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்ததற்கு நகரவேண்டும். அந்த வேலைக்குப் போன நாளிலிருந்து அவர் வெற்றிலை போட்டதில்லை, சுருட்டுப் பிடித்ததில்லை, குடிவகையைத் தொட்டதில்லை. இதில் பக்தி ஒன்றுமில்லை. நாக்குக் கெட்டுவிடும், அவ்வளவுதான். வெள்ளையர் அல்லாதவர்களுக்கு அவுஸ்திரேலியா கதவைத் திறந்தபோது, மெல்பேர்னில் தேயிலையும் கோப்பியும் கலந்து பொதிசெய்யும் கம்பனி ஒன்று அவரைக் கூப்பிட்டது. “விசா எனக்கில்லை, என்ரை நாக்குக்குத்தான் குடுத்தவங்கள். நான் அதோடை கூட வந்தனான்” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார்.

சனிக்கிழமை காலையிலேயே மூவரும் புறப்பட்டார்கள். முதலில் விக்டோரியா சந்தை. கிரேக்கர் ஒருவரின் கடையில் மூன்று வகை ஒலிவ் காய்களை வாங்கி, மகேந்திரராஜா ஒவ்வொன்றாகச் சந்திரவதனாவிடம் நீட்டினார்.

“எது நல்லம் எண்டு கேக்கேல்லை. என்ன வித்தியாசம், அதைச் சொல்லும்.”

“இது உப்பு. இது... கொஞ்சம் புல்லு மாதிரி. மற்றதிலை பழைய எண்ணெய் மணக்குது, அண்ணை.”

“பழசு எண்டால் எவ்வளவு பழசு?”

பிறகு ஒரு மதுக்கடை. ஆண்கள் நின்று குடிக்கும் பக்கம் போகாமல், பெண்களும் இருக்கக்கூடிய பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தார்கள். தனக்கு எலுமிச்சைப் பானம் எடுத்துக்கொண்டு, சந்திரவதனாவுக்கு முன்னால் இரண்டு சின்னக் கிளாஸ் பியரை வைத்தார்.

“எடி, ஊருக்கு எழுதிப்போடுவன்!” என்று கமலினி குலுங்கிச் சிரித்தாள்.

“ஒவ்வொரு வாய் போதும்” என்றார் அவர். “கசப்பு முதல்லையே வருதோ, விழுங்கினாப் பிறகோ?”

சந்திரவதனா குடித்தாள். சொன்னாள். கேட்டதற்குப் பதில் சொல்வதில் அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

பின்னேரம் லைகன் வீதியில் இத்தாலியர் ஒருவரின் கோப்பிக்கடை. கமலினி பக்கத்துக் கடையில் கேக் வாங்கப் போய்விட்டாள். அடுத்த மேசையில் சீட்டு விளையாடிய கிழவர்களுக்கு, கடைக்காரர் மேசைக்குக் கீழிருந்து ஒரு போத்தலை எடுத்துக் கோப்பிக்குள் கொஞ்சம் ஊற்றுவதைச் சந்திரவதனா கண்டாள். அந்தக் கோப்பைகளில் ஒன்று தவறி இவர்களுடைய மேசைக்கு வந்தது. மகேந்திரராஜா அதை எடுத்து உறிஞ்சினார். வாய்க்குள் சுழற்றினார். விழுங்கினார்.

“அருமையான கோப்பி” என்றார்.

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த அவளுக்கே மணம் மூக்கில் ஏறியது.

“அண்ணை, அது சாராயம் விட்ட கோப்பி.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“தொண்டை எரிஞ்சது கோப்பியின்ரை சூடாக்கும் எண்டு நினைச்சன்” என்றார்.

பிறகு சொன்னார், மற்றவருக்கு நடந்ததைச் சொல்வதுபோல. போன ஆடி மழையில் ட்ராமிலிருந்து இறங்கும்போது வழுக்கி, பின்மண்டை அடிபட விழுந்தாராம். இரண்டு நாள் தலையிடி. மூன்றாம் நாள் உலகத்தில் மணம் என்று ஒன்று இல்லை. வரலாம், வராமலும் விடலாம் என்றாராம் டொக்டர்.

“உப்பு, புளி, இனிப்பு, கசப்புத் தெரியும். அதுக்கு மேலை எல்லாம் சுடுதண்ணிதான்.”

“அப்ப வேலை?”

“ஹெய்ன்ஸ் எண்டு ஒரு கிழவன் என்னோடை. அவன் முதல் சொல்லுவான், நான் ‘ஓம்’ எண்டு தலையாட்டுவன். ஒரு வருஷம் அப்பிடியே ஓடிச்சுது. நேற்றோடை அவனுக்குப் பென்சன். திங்கக்கிழமையிலையிருந்து நான்தான் முதல் சொல்லோணும். தெரிஞ்சுதெண்டால் பொதி கட்டுற பக்கம் அனுப்புவாங்கள். இல்லாட்டி வீட்டை.”

“கமலினிக்கு?”

“தெரியாது.”

ஒலிவ் காயும் பியரும் ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. காலையிலிருந்து அவள் விருந்தாளியாகச் சுற்றவில்லை, பரீட்சை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இரக்கமும் வரவில்லை. தன் கோப்பி ஆறிப்போனது மட்டும் தெரிந்தது.

“நான் பாஸோ?” என்று கேட்டாள்.

“நல்ல பாஸ். தேயிலைக்காரர் பாவிக்கிற சொல்லுகள் மட்டும்தான் உமக்குத் தெரியாது. அதுகளை நான் தருவன்.”

கண்ணாடிக்கு வெளியே கமலினி கேக் பெட்டியைக் கையில் ஏந்தியபடி வீதியைப் பார்த்துப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். அவர் முன்னுக்குக் குனிந்து, அவசரமில்லாத அதே குரலில் கேட்டார்.

“சந்திரா, திங்கக்கிழமை ரயிலை மாத்த ஏலுமோ? வேலையிடத்துக்கு ஒரு தந்தி அடிச்சுவிடும். புதன்வரை நில்லும். அடுத்த நாள் நான் சொல்லவேண்டிய தூளை முதல்நாளே பொக்கற்றிலை போட்டு வீட்டை கொண்டுவாறன். நீர் குடிச்சுப்போட்டு, வாயிலை என்ன நடக்குது எண்டு மட்டும் எனக்குச் சொல்லும்.”