மிளகாய்க் கிட்டங்கியில் பிறந்த நிறுத்தம்

"இப்படி நிறுத்துவதற்கு இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

1974இல், கல்லூரி அரங்கில் என் பக்கத்தில் இருந்த கொல்லத்து மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். அதனால்தான் சிவதாணு அண்ணனைப் பற்றி எழுதுகிறேன்.

சிவதாணு எங்கள் ஆரியசாலைத் தெருக்காரர். அப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு. பேசும்போது எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், சட்டைப் பொத்தானைத்தான் பார்ப்பார். ஆனால் பேஸ் கிதாரைத் தோளில் மாட்டிவிட்டால் வேறு ஆள். அவரும் கல்லூரி நண்பர்கள் நான்கு பேரும் சேர்ந்து ஃபங்க், சோல் இசைக்காக ஒரு குழு தொடங்கினார்கள். பெயர் ‘ஈஸ்ட் ஃபோர்ட் ஃபைவ்’. அந்த இசையில் பாட்டைவிடத் தாளம்தான் முன்னால் நடக்கும். கேட்பவரின் கால் தானாக ஆடும். மைதீன் டிரம்ஸ் அடித்தார், லீலாபாய் பாடினார்.

பழகத்தான் இடம் கிடைக்கவில்லை. விடுதியில் விரட்டினார்கள், வீடுகளில் திட்டினார்கள். கடைசியில் சிவதாணுவின் தாய்மாமா வன்னியபெருமாள் தன் மிளகாய் வற்றல் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் சாவியைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மூட்டைகளை நகர்த்தக் கூடாது.

மூட்டைகள் அடுக்கியிருந்த பலகைமேலேயே டிரம்ஸை வைத்தார்கள். மைதீன் ஓங்கி மிதித்தால் பலகை அதிரும், மிளகாய்த் தூள் புகைபோல எழும். ஐந்து பேரும் தும்முவார்கள். லீலாபாயின் கண்ணில் நீர் கொட்டும்.

இரண்டு ஞாயிறு பொறுத்த சிவதாணு ஒரு வழி சொன்னார். "மூணு சுற்று வாசிப்போம். நாலாவது சுற்று முடியும்போ எல்லாரும் இடது பக்கம் முகத்தைத் திருப்பி, ஒரு எண்ணிக்கை மூச்சடக்கி நிப்போம். தூள் கொஞ்சம் அமரும். பின்னே ஒண்ணா தாளத்துல விழுவோம்."

ஆறு மாதம் அப்படியே பழகினார்கள்.

ஒரு சனிக்கிழமை கல்லூரிகளுக்கிடையே இசைப் போட்டி என்று அறிவிப்பு வந்தது. அப்போது மாமா கிட்டங்கி வாசலில் வந்து நின்றார்.

"லேய் சிவதாணு, பக்கத்துக் கடைக்காரன் எல்லாம் எங்கிட்ட வந்து சண்டை போடுகான். சனிக்கிழமை நானும் வந்து இருப்பேன். சபை எழும்பலேன்னா சாவி என் கைக்கு வந்திரணும், கேட்டியா?"

"சரி, மாமா," என்றார் சிவதாணு, மாமாவின் சட்டைப் பொத்தானிடம்.

அந்தச் சாவி போனால் குழுவும் போய்விடும். வேறு இடம் கிடையாது.

சனிக்கிழமை மத்தியானம் மேடையேறுமுன் லீலாபாய் எச்சரித்தார். "எடா மைதீன், இவிடே மொளகாய் இல்லை, கேட்டோ. நிறுத்தாமெ அடி."

"நான் நிறுத்த மாட்டேன். நீ தும்மாமெ பாடினா போதும்."

சாவியைக் கிதார் வாரில் கட்டிக்கொண்டு சிவதாணு ஏறினார். மூன்று சுற்று போனது. நாலாவது சுற்றின் முடிவில் ஐந்து முகமும் இடது பக்கம் திரும்பின. ஐந்து பேரும் நின்றார்கள். நிறுத்தக் கூடாது என்பது உடம்புக்குத் தெரியவில்லை.

அரங்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். சிவதாணுவின் முகம் வெளுத்துவிட்டது. மறு கணம் ஐந்து பேரும் ஒரே அடியில் விழுந்தார்கள். நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தள்ளித் திறந்ததுபோல் இருந்தது. அடுத்த நிறுத்தத்துக்குள் மொத்த அரங்கும் எழுந்து நின்றது. என் பக்கத்து மாணவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

சிவதாணுவோ தப்பு செய்துவிட்டோம் என்றே நினைத்திருந்தார். முடிந்ததும் கடைசி வரிசைக்குப் போய், தலை நிமிராமல் சாவியை நீட்டினார்.

"இது எதுக்குடே?"

"நிறுத்திப் போட்டோம், மாமா."

"நீங்க மூஞ்சியத் திருப்பினப்போ எனக்குத் தும்மல் வந்திட்டு, பாத்துக்கோ." மாமா மூக்கைத் துடைத்தார். "சாவிய உள்ள வை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையில்லா?"

அந்த அரங்கில் கேட்க வந்தவர்களில் காரணம் புரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரே வருடத்தில் கோவளம், கொச்சி, சென்னை என்று அழைப்புகள் வந்தன. கொச்சியில் வேறு குழுக்களும் இப்போது நாலாவது சுற்றில் நிறுத்துகிறார்களாம். அமெரிக்க இசைத்தட்டிலிருந்து வந்த பாணி என்று பேசுகிறார்களாம். சிவதாணு அண்ணன் மறுத்துப் பேச மாட்டார், பொத்தானைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். எங்கேயாவது ஒரு குழு அப்படி நின்று மறுபடி விழுந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் ஆரியசாலை மிளகாய் மூட்டைகளைப் பற்றிச் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.